நெருக்கடிக் காலத்தில் மலையகச் சிறு வியாபாரத்துக்கான திட்டத்தை எழுதுவது எப்படி

2022 ஆம் ஆண்டு பிறந்தபோது இலங்கையில் ஒரு லீட்டர் டீசலின் விலை 121 ரூபா. அதே ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் அது 460 ரூபா. மார்ச் 31 அன்று 13 மணித்தியால மின்வெட்டு, ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கத்தின் அறிவித்தல், செப்டெம்பரில் ஏறத்தாழ 70 சதவீதத்தை எட்டிய பணவீக்கம் என அடுத்தடுத்து விழுந்த அடிகளுக்கிடையில், மலையகத்தின் சிறு வியாபாரிகள் பலர் தமது தொழிலைப் பற்றி அதுவரை யோசித்தே இராத முடிவுகளை ஓரிரு நாட்களுக்குள் எடுக்க வேண்டியிருந்தது. அந்த மாதங்களைத் தாண்டி வந்த கடைகளையும் கதவடைத்த கடைகளையும் சேர்த்துப் பார்க்கையில் எனக்குத் தெளிவாகப்படுவது ஒன்றுதான். எந்த வாரத்தில் கைக்குப் பணம் வரும், எந்த வாரத்தில் கையைவிட்டுப் போகும் என்பதை எழுதி வைத்திருந்தவர்களுக்கு நின்று நிதானித்து முடிவெடுக்க அவகாசம் கிடைத்தது. மனக்கணக்கில் மட்டும் நடத்தியவர்கள், காசோலை திரும்பிய பிறகே நிலைமையை அறிந்தார்கள்.

ஆகவே இந்த வழிகாட்டியில் நான் சொல்லும் திட்டம், வங்கிக்குக் கொடுப்பதற்காகத் தடித்த அட்டை போட்டுக் கட்டும் அறிக்கை அன்று. ஒரு சாதாரணப் பயிற்சிக் கொப்பியில் எழுதி, கடையிலேயே வைத்து, வாரந்தோறும் திருத்த வேண்டிய ஒன்று. நான்கைந்து பேர் வேலை செய்யும் பேக்கரி, சில்லறைக் கடை, தையலகம், மரக்கறி வாங்கி விற்பவர், வாகனம் திருத்துமிடம் போன்ற தொழில்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கணக்குகள் விளங்குவதற்காக, ஹட்டன் பக்கத்தில் நான்கு பேரை வைத்து நடக்கும் ஒரு பேக்கரியைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு, அதன் இலக்கங்களையே கடைசிவரை பயன்படுத்துகிறேன்.

பணம் வரும் நாட்களை முதலில் குறியுங்கள்

மலையக நகரம் ஒன்றில் பணம் மாதம் முழுவதும் ஒரே சீராக ஓடுவதில்லை. பெரும்பாலான தோட்டங்களில் மாதச் சம்பளம் அடுத்த மாதம் 10 ஆம் திகதியளவில் கிடைக்கிறது. மாதக் கடைசிவாக்கில் முற்பணம் கிடைக்கிறது. இந்த இரண்டு நாட்களைச் சுற்றித்தான் பாண் கடையிலிருந்து புடவைக் கடைவரை எல்லோருடைய வியாபாரமும் எழுந்து அடங்குகிறது. இதற்கு மேல் ஆண்டுக்குரிய ஏற்ற இறக்கங்கள் உள்ளன. தீபாவளிக்கு முன் தோட்டங்களில் கொடுக்கப்படும் முற்பணத்தால் அந்த இரண்டு வாரங்களில் விற்பனை உயரும். ஆனால் அந்தத் தொகை பின்வரும் மாதங்களின் சம்பளத்திலிருந்து தவணையாகக் கழிக்கப்படுவதால், தீபாவளிக்குப் பிந்திய மாதங்களில் அதே வீட்டின் கைக்காசு குறையும். தீபாவளி விற்பனையைப் பார்த்து உற்சாகமடைந்து மார்கழிக்கும் அதே அளவு சரக்கை வாங்கிக் குவிப்பவர்கள் இந்தக் கழிவை மறந்துவிடுகிறார்கள்.

சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் டிசம்பர் மாதப் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமி வரை நீடிக்கும். நல்லதண்ணி, மஸ்கெலியா, ஹட்டன் பகுதிகளில் உணவு, தங்குமிடம், வாகனத் தொழில்களின் ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி இந்த மாதங்களிலேயே வருகிறது. நுவரெலியாவுக்கு ஏப்ரல் வசந்த காலம். ஊவாப் பக்கத்தில் ஜூலை முதல் செப்டெம்பர் வரையும், திம்புள்ளை, நுவரெலியா பக்கங்களில் ஜனவரி முதல் மார்ச் வரையும் தேயிலையின் தரம் உயர்ந்து நிற்கும் காலங்கள். உங்கள் ஊருக்கு எது பொருந்துமோ அதைப் பன்னிரண்டு மாத நாட்காட்டி ஒன்றில் குறியுங்கள். கடந்த இரண்டு ஆண்டுகளின் பற்றுச்சீட்டுப் புத்தகங்களையோ வங்கிக் கணக்கு அறிக்கையையோ புரட்டி, ஒவ்வொரு மாதத்தின் விற்பனையையும் அந்த நாட்காட்டியிலேயே எழுதினால், எந்த மாதம் உங்களைத் தாங்குகிறது, எந்த மாதத்தை நீங்கள் தாங்க வேண்டியிருக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரியும்.

பதின்மூன்று வாரத் தாள்

ஆண்டு நாட்காட்டி திசையைக் காட்டும். அன்றாட முடிவுகளுக்கு அடுத்த பதின்மூன்று வாரங்களை, அதாவது ஏறத்தாழ மூன்று மாதங்களை, வாரம் வாரமாகப் பிரித்த தாள் ஒன்று வேண்டும். ஒவ்வொரு வாரத்துக்கும் நான்கு வரிகள் போதும்: வாரத் தொடக்கத்தில் கையிலும் வங்கியிலும் உள்ள தொகை, அந்த வாரம் உண்மையில் கைக்கு வரக்கூடிய பணம், அந்த வாரம் கொடுக்க வேண்டிய பணம், வார முடிவில் எஞ்சுவது. விற்றாலும் காசு வராதவற்றை வரவாக எழுதக்கூடாது; எழுதிக் கொடுத்த காசோலையை, அது வங்கிக்குப் போகும் வாரத்தில் கட்டாயம் செலவாக எழுத வேண்டும்.

நமது பேக்கரியின் மாத விற்பனை 720,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மா, சீனி, கொழுப்பு, எரிவாயு, வாகன எரிபொருள் ஆகியவற்றுக்கு விற்பனையில் 65 சதவீதம், அதாவது 468,000 ரூபா போகிறது. விற்றாலும் விற்காவிட்டாலும் கொடுக்க வேண்டியவை இவை: நான்கு பேருக்குச் சம்பளம் 120,000, அதற்கான தொழில் தருநரின் ஊழியர் சேமலாப நிதிப் பங்கு 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதி 3 சதவீதமும் சேர்த்து 18,000, கடை வாடகை 35,000, வாகன லீசிங் 24,000, மின்சாரமும் தொலைபேசியும் 25,000. மொத்தம் 222,000. எல்லாம் போக 30,000 ரூபா மிஞ்சுகிறது. காகிதத்தில் இது இலாபமுள்ள கடை.

இப்போது முதல் வாரத்தை மட்டும் பாருங்கள். மாதத் தொடக்கத்தில் கையில் 60,000. முதல் ஏழு நாட்களில் தோட்டத்து மக்களிடம் காசு வற்றியிருப்பதால் வரவு 90,000 மட்டும். ஆனால் 5 ஆம் திகதி சம்பளம் கொடுக்க வேண்டும். ஊழியரின் 8 சதவீதச் சேமலாப நிதிப் பங்கைக் கழித்தபின் கையில் கொடுப்பது 110,400. வாடகை 35,000. கோதுமை மாவுக்கு எழுதிக் கொடுத்த காசோலை 80,000. ஆக 225,400 போக வேண்டிய வாரத்தில் கையிருப்பும் வரவும் சேர்ந்து 150,000 தான். 75,400 ரூபா துண்டு விழுகிறது. இந்தத் துண்டுக்காகத்தான் வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகிறது, நாள் வட்டிக்குக் கடன் வாங்கப்படுகிறது. அந்த வட்டி மாத இலாபத்தையே விழுங்கிவிடுகிறது.

தாளை எழுதியவருக்கு வேறு வழி தென்படும். வீட்டுச் சொந்தக்காரரிடம் பேசி வாடகையை 12 ஆம் திகதிக்கும், மா விநியோகிப்பவரிடம் பேசிக் காசோலைத் திகதியை 13 ஆம் திகதிக்கும் நகர்த்தினால், முதல் வாரம் 39,600 ரூபா மீதியோடு முடிகிறது. ஒரு சதக் கடனும் தேவைப்படவில்லை. 10 ஆம் திகதிக்குப் பிறகே தமக்கும் ஒழுங்காகப் பணம் வந்து சேரும் என்பதை அறிந்த உள்ளூர் மொத்த வியாபாரிகள் பெரும்பாலும் இதற்கு இணங்குவார்கள். கொழும்பு புறக்கோட்டையில் இருந்து சரக்கு அனுப்புபவருக்கு நமது சம்பள நாள் தெரியாது, ஆகவே அவரிடம் காரணத்தை விளக்கி, கொடுத்த திகதியில் தவறாமல் கொடுத்துக் காட்ட வேண்டும்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு. ஊழியரிடம் கழித்த 9,600 ரூபாவும் உங்கள் பங்கான 18,000 ரூபாவும் சேர்ந்த 27,600 ரூபா, அடுத்த மாத முடிவுக்குள் செலுத்தப்பட வேண்டிய பணம். அது உங்கள் கணக்கில் சில வாரங்கள் கிடப்பதால் உங்களுடையது ஆகிவிடாது. இறுக்கமான மாதங்களில் முதலில் கை வைக்கப்படுவது இந்தப் பணத்தில்தான், பின்னர் தாமதக் கட்டணத்தோடு சேர்த்துக் கட்டத் திண்டாடுவதும் இதற்காகத்தான். அதைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள்.

இரண்டாவது, மிஞ்சுவதாகக் காட்டிய 30,000 ரூபாவில் உரிமையாளரின் வீட்டுச் செலவு இன்னும் கழிக்கப்படவில்லை. அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து போறணையைப் பார்க்கும் உரிமையாளருக்குச் சம்பளமே இல்லை; தேவைப்படும்போதெல்லாம் லாச்சியிலிருந்து எடுத்துக்கொள்கிறார். இது மாற வேண்டும். உங்களுக்கென ஒரு மாதச் சம்பளத்தை, அது சிறிய தொகையானாலும், நிலையான செலவுகளோடு ஒரு வரியாக எழுதி, 12 ஆம் திகதி எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் லாச்சியைத் தொடாதிருங்கள். அப்படி எழுதியதும் கடை நட்டத்தில் ஓடுவதாகத் தெரிந்தால், அது தெரியவேண்டிய உண்மை. விலையையோ செலவையோ மாற்றாமல் அந்தத் தொழில் நீண்ட நாள் நிற்காது என்பதை, சேமிப்பு கரைந்து முடிவதற்கு முன்பே அறிந்துகொள்வது நல்லது.

கடன் கொப்பி

மலையகத்தில் ஒரு சில்லறைக் கடையின் மிகப் பெரிய சொத்து பல வேளைகளில் அலுமாரியில் இருக்கும் சரக்கு அல்ல, மேசையில் இருக்கும் கடன் கொப்பி. அதுவே மிகப் பெரிய ஆபத்தும்கூட. நெருக்கடி வந்ததும் கடனை ஒரேயடியாக நிறுத்திவிடுங்கள் என்று சொல்வது எளிது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், வாழும் குடும்பம் ஒன்று மாதத்தின் முதல் பத்து நாட்களைக் கொப்பியை நம்பியே கடக்கிறது என்பதை அறிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். கடனை நிறுத்திய கடையிலிருந்து அந்தக் குடும்பம் சம்பள நாளிலும் விலகிப் போகும். பழைய கடனும் திரும்பி வராது.

செய்ய வேண்டியது கொப்பியைப் பிரித்து எழுதுவது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நிலுவையை மூன்றாகப் பிரியுங்கள்: முப்பது நாட்களுக்கு உட்பட்டது, முப்பதிலிருந்து அறுபது நாட்கள் ஆனது, அறுபது நாட்களைத் தாண்டியது. பதின்மூன்று வாரத் தாளில் முதல் வகையின் பெரும்பகுதியையும் இரண்டாம் வகையில் பாதியையும் மட்டும் வரவாக எழுதுங்கள். மூன்றாவது வகையை வரவில் சேர்க்கவே வேண்டாம். வந்தால் அது மேலதிகம்.

அடுத்து, வேலைநாட்களைப் பற்றிக் கேளுங்கள். ஒருவர் தோட்டத்தில் பெயர்ப் பதிவில் இருக்கிறார் என்பது போதிய தகவல் ஆகாது. இந்த மாதம் எத்தனை நாள் வேலை கிடைத்தது, அதில் எத்தனை நாள் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடப்பட்டது என்பதுதான் அவரால் 10 ஆம் திகதி எவ்வளவு கொடுக்க முடியும் என்பதைத் தீர்மானிக்கிறது. 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக உயர்ந்த அதே ஆண்டில் இரசாயன உரத்துக்கு விதிக்கப்பட்ட தடை கொழுந்து வரத்தைப் பாதித்தது. நாளுக்கான தொகை உயர்ந்தாலும், வேலைநாள் குறைந்தால் மாதக் கடைசியில் கைக்கு வருவது குறைவுதான். 2024 இல் அந்தச் சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்தபோதும் இதே கேள்வியைத்தான் கடைக்காரர் கேட்டிருக்க வேண்டும். பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து எப்படி வருகிறது, மழை அதிகமா வெயில் அதிகமா, தொழிற்சாலை எத்தனை நாள் ஓடுகிறது என்பவற்றைக் கவனிக்கும் கடைக்காரர், அடுத்த மாத வரவை ஒரு மாதம் முன்னதாகவே அறிந்துகொள்கிறார்.

இதன் அடிப்படையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு எல்லையை வைத்து, அதை அவர்களிடமே சொல்லி, கொப்பியின் மேல்பக்கத்தில் இருவரும் பார்க்க எழுதுங்கள். பழைய நிலுவையைத் தனியாக நிறுத்திவைத்து, மாதம் 500 அல்லது 1,000 ரூபாவாகக் கட்டச் சொல்லி, புதிய கடனை அரிசி, மா, பருப்பு, சீனி, பால்மா போன்ற அடிப்படைப் பொருட்களுக்கு மட்டும் கொடுக்கலாம். குளிர்பானத்துக்கும் தொலைபேசி மீள்நிரப்பலுக்கும் கைக்காசு வாங்குங்கள். பேசுவதை வீட்டுப் பெண்ணோடு பேசுங்கள் என்பது என் துணிபு. பெரும்பாலான வீடுகளில் எவ்வளவு தேவை, எவ்வளவு முடியும் என்ற கணக்கு அவரிடமே இருக்கிறது. மற்ற வாடிக்கையாளர் நிற்கும்போது நிலுவையைச் சொல்லிக் காட்டாதீர்கள். மானத்தோடு திருப்பிக் கொடுக்க வழி கிடைத்தவர் அநேகமாகத் திருப்பிக் கொடுப்பார்.

மீண்டும் வாங்கும் விலையில் விலை வையுங்கள்

விலைகள் வேகமாக ஏறும் காலத்தில் வாங்கிய விலையின் மேல் இலாபம் வைத்து விற்பது, தெரியாமலேயே கடையைச் சிறிதாக்கிவிடும். ஒரு மூடை 10,000 ரூபாவாக 20 மூடை மா வாங்கி, 11,000 ரூபாவாக விற்றால் 220,000 ரூபா கைக்கு வரும். 20,000 ரூபா இலாபம் என்று மனம் சொல்லும். ஆனால் மறுபடி வாங்கப் போகும்போது மூடை 12,500 ரூபா என்றால், அந்தப் பணத்துக்கு 17 மூடைதான் கிடைக்கும், கையில் 7,500 ரூபா மிஞ்சும். இலாபம் கண்டதாக நினைத்த வியாபாரியிடம் மூன்று மூடை காணாமல் போயிருக்கிறது. அதனால், விலை ஏறுமுகமாக இருக்கையில் மொத்த வியாபாரியிடம் வாரம் ஒருமுறையாவது அடுத்த விலையைக் கேட்டு, அந்த விலையை அடிப்படையாக வைத்தே இன்றைய விலையைத் தீர்மானிக்க வேண்டும். விலை குறிக்கப்பட்டு வரும் பொருட்களையும், அரசாங்கம் உச்ச விலை விதித்த பொருட்களையும் அப்படி உயர்த்த முடியாது. அவற்றைக் குறைவாக வைத்து, பணத்தை மற்றவற்றில் சுழற்றுவதே வழி.

வாடிக்கையாளருக்கும் உண்மையைச் சொல்லலாம். பாணின் விலையை உயர்த்தும் நாளில், மா விலை எவ்வளவு ஏறியது என்று ஒரு தாளில் எழுதிக் கடை முன் ஒட்டுவதில் வெட்கப்பட ஏதுமில்லை. எடையைச் சத்தமின்றிக் குறைப்பதுதான் நம்பிக்கையைக் கெடுக்கும், சட்டச் சிக்கலையும் கொண்டுவரும்.

இதற்கு எதிரான நிலையும் வரும். 2023 இல் ரூபா ஓரளவு வலுப்பெற்று, ஜூலை மாதத்தில் பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியபோது, இன்னும் ஏறும் என்று எண்ணி உயர்ந்த விலையில் இறக்குமதிப் பொருட்களைத் தேக்கி வைத்தவர்கள் நட்டப்பட நேர்ந்தது. தேக்கி வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. பாதைத் தடைக்கென வைக்கும் இருப்பு வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

வற் எனப்படும் பெறுமதி சேர் வரியைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 மே மாதம் வரை 8 சதவீதமாக இருந்த அந்த வரி, அதே ஆண்டில் 12 ஆகவும் பின் 15 ஆகவும், 2024 ஜனவரி 1 முதல் 18 சதவீதமாகவும் உயர்ந்தது. வற் வரிக்குப் பதிவு செய்யாத சிறிய கடை, தான் வாங்கும்போது கொடுத்த வரியைத் திரும்பக் கோர முடியாது. அது முழுவதும் அடக்க விலைதான். பழைய விலைப் பட்டியலை வைத்துக்கொண்டு இலாபம் குறைந்ததற்குக் காரணம் தேடுபவர்கள் இதை முதலில் சரிபார்க்கட்டும்.

விற்பனை குறைந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுதுங்கள்

நமது பேக்கரியில் நூறு ரூபா விற்றால் 35 ரூபா நிலையான செலவுகளுக்கு மிஞ்சுகிறது. 222,000 ரூபாவை ஈடுகட்ட மாதத்துக்கு ஏறத்தாழ 634,000 ரூபாவுக்கு விற்க வேண்டும். அதாவது விற்பனை 12 சதவீதம் குறைந்தாலே இலாபம் பூச்சியம். 30 சதவீதம் குறைந்து 504,000 ஆனால், மாதந்தோறும் 45,600 ரூபா நட்டம். இந்த இரண்டு இலக்கங்களையும் உங்கள் தொழிலுக்குக் கணித்து, கொப்பியின் முன்பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள்.

பிறகு இரண்டாவது தாள் ஒன்றைத் தயாரியுங்கள்: விற்பனை 30 சதவீதம் குறைந்தால் அந்த 45,600 ரூபாவை எங்கிருந்து மீட்பது? முதலில் பார்க்க வேண்டியது விநியோகப் பாதைகளை. மலைப்பாதையில் கிலோமீற்றர் குறைவாக இருந்தாலும் எரிபொருள் அதிகம் செலவாகும். தொலைவிலுள்ள டிவிஷன்களுக்கு (தோட்டத்தின் பிரிவுகளுக்கு)க் காலையில் பாணும் பணிசும் கொண்டு போகும் ஓட்டம் பழக்கத்தினால் தொடர்கிறதே தவிர, பலரும் அதைத் தனியாகக் கணக்குப் பார்த்ததில்லை. ஓர் ஓட்டத்தில் 6,000 ரூபாவுக்கு விற்கிறது என்று கொள்வோம். போக்குவரத்தைக் கழிக்காத நிலையில் 40 சதவீதம், அதாவது 2,400 ரூபா நிற்கிறது. எரிபொருள் 1,500, விற்காமல் திரும்பி வரும் பாண் 1,100 ரூபா. ஒவ்வொரு நாளும் 200 ரூபா நட்டத்துக்கு வண்டி மலையேறி இறங்குகிறது. இதையே ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கி, பாணைக் குறைத்து, இரண்டு நாள் தாங்கும் பணிஸ், ரஸ்க், பிஸ்கட் வகைகளைக் கூட்டி, ஓர் ஓட்டத்தில் 9,000 ரூபாவுக்கு விற்றால், 3,600 ரூபாவில் எரிபொருள் 1,500 உம் திரும்பி வருவது 900 உம் போக 1,200 ரூபா மிஞ்சும். மாதத்துக்கு 26 நாள் 200 ரூபா வீதம் இழந்த 5,200 ரூபா நின்று, 13 ஓட்டங்களில் 15,600 ரூபா கிடைக்கிறது. இந்த ஒரு மாற்றத்தால் மட்டும் 20,800 ரூபா வித்தியாசம். நட்டத்தில் பாதிக்கு அருகில் இங்கேயே அடைபடுகிறது, ஒருவரையும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை.

மீதிக்கு லீசிங் தவணையை நீட்டித்துக் குறைப்பது, வாடகையைச் சில மாதங்களுக்குக் குறைக்கக் கேட்பது, குறைந்த இலாபமுள்ள வகைகளை விடுவது, எரிபொருட் செலவைக் குறைப்பது என்ற வரிசையில் பாருங்கள். 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் மின்கட்டணம் உயர்ந்ததை அனுபவித்தவர்களுக்கு, மின்போறணையை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தைச் சொல்ல வேண்டியதில்லை. விறகுப் போறணை இருந்தால் அதை இடித்துவிடாமல் பழுது பார்த்து வையுங்கள்.

ஆட்களைக் குறைப்பதை நான் கடைசியாகச் சொல்வதற்கு மனிதாபிமானம் மட்டுமன்றி வேறு காரணமும் உண்டு. மாப் பிசைந்து போறணை பார்க்கப் பழகிய ஒருவர் கொழும்புக்கோ மத்திய கிழக்குக்கோ போய்விட்டால், நிலைமை சீரானதும் அவரைப் போல ஒருவரைத் தேடிப் பிடிப்பது கடினம். வேலை நேரத்தைக் குறைப்பதென்றால் எல்லோரையும் இருத்திக் கணக்கைக் காட்டிப் பேசி, இணங்கியதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தேசிய ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டிருப்பதை மனதில் வையுங்கள். பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடமென்றால், 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஊழியரின் எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி ஆட்குறைப்புச் செய்ய முடியாது.

வங்கிக்கு எப்போது போவது

தவணை தவறுவதற்கு முன்பு. 2022 ஏப்ரல் 8 அன்று மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியபோது, மாறும் வட்டியில் கடன் எடுத்திருந்தவர்களின் தவணை அவர்கள் ஏதும் செய்யாமலே பெருத்தது. உங்கள் கடன் மாறும் வட்டியா நிலையான வட்டியா என்பதை இன்றே ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். பதின்மூன்று வாரத் தாளில் ஏழாவது வாரத்தில் தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால், இரண்டாவது வாரத்திலேயே முகாமையாளரைச் சந்திக்க வேண்டும். தவணை தவறிய பிறகு அந்த விபரம், கடன் பெற்றவர்களின் விபரங்களைச் சேர்த்து வைக்கும் கொடுகடன் தகவல் பணியகத்தின் பதிவில் ஏறிவிடும். பின்னர் வேறு வங்கியிலும் கதவு திறப்பது கடினம்.

கையோடு கொண்டு போக வேண்டியவை: பிரதேச செயலகத்தில் பெற்ற வியாபாரப் பதிவுச் சான்றிதழ், பன்னிரண்டு மாத விற்பனைப் பட்டியல், பதின்மூன்று வாரத் தாள், விற்பனை குறைந்தால் செய்யப்போவதை எழுதிய இரண்டாவது தாள். கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேளுங்கள்: ஆறு மாதத்துக்கு வட்டி மட்டும் கட்டலாமா, மீதிக் காலத்தை நீட்டித்துத் தவணையைக் குறைக்கலாமா, தவணைத் திகதியை 15 ஆம் திகதிக்கு மாற்றலாமா. மூன்றாவது கோரிக்கை சிறியதாகத் தோன்றும். மலையகத்தில் அதுவே பலருக்குப் போதும். சிரமத்திலுள்ள தொழில்களைப் புத்துயிர்ப்பிக்கத் தனிப் பிரிவு அமைக்குமாறு 2024 இல் மத்திய வங்கி உரிமம் பெற்ற வங்கிகளுக்கு வழிகாட்டல் வழங்கியிருக்கிறது. கிளையில் அதைப் பற்றித் தெரியவில்லை என்றால், தலைமை அலுவலகத்தில் அந்தப் பிரிவு எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். காணியையோ கட்டடத்தையோ ஈடு வைத்துப் பெரிய தொகை எடுத்தவர்கள், 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், நீதிமன்றம் போகாமலே வங்கி அந்தச் சொத்தை ஏலம் விட முடியும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். நெருக்கடிக்குப் பின் அந்த அதிகாரம் சில காலம் இடைநிறுத்தப்பட்டது என்பதற்காக எப்போதும் அப்படியே நடக்கும் என்று இருந்துவிடக் கூடாது.

கடையின் துண்டை அடைக்க மனைவியின் பெயரில், தாயின் பெயரில் வாரத் தவணை நுண்கடன் எடுப்பதை மட்டும் செய்யாதீர்கள். மாதத்தில் இரண்டு முறை வரும் வருமானத்தைக் கொண்டு வாரந்தோறும் தவணை கட்ட முடியாது; ஒன்றைக் கட்ட இன்னொன்று என்று போய், பெண்கள் எவ்வளவு அவமானத்தையும் துயரத்தையும் சுமந்தார்கள் என்பதை நமது ஊர்களில் எல்லோரும் அறிவார்கள். நகையை அடகு வைப்பதென்றால், மீட்கும் வாரத்தைத் தாளில் எழுத முடிந்தால் மட்டும் வையுங்கள்.

மழையும் பாதையும்

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழையில் கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் பக்கங்களும், ஆண்டிறுதியில் வடகீழ்ப் பருவமழையில் பதுளைப் பக்கமும் மண்சரிவுக்கு ஆளாகின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பாதைகள் துண்டிக்கப்பட்டதை மறந்து திட்டம் எழுதக் கூடாது. இந்த மாதங்களில் தொழில் நின்றுவிடாமல் இருக்கத் தேவையான மூலப்பொருட்களில் மட்டும் ஒரு வாரத்துக்கு மேலதிக இருப்பு வையுங்கள். அதை நிலத்திலிருந்து உயர்த்தி, ஈரம் படாமல் வைக்க இடமும் வேண்டும். முக்கியமான ஒவ்வொரு பொருளுக்கும் வேறு பாதையில் வரக்கூடிய இரண்டாவது விநியோகஸ்தர் ஒருவரைத் தெரிந்து வைத்து, நல்ல காலத்திலேயே அவரிடமும் சிறிதளவு வாங்கிப் பழகுங்கள். அறிமுகமற்றவருக்கு நெருக்கடியில் யாரும் கடனுக்குக் கொடுப்பதில்லை.

வாரந்தோறும் திருத்துவது

திங்கட்கிழமை, கடை சற்று ஓய்ந்திருக்கும் நேரத்தில் அரை மணித்தியாலம் ஒதுக்கி, கடந்த வாரம் எழுதியதையும் உண்மையில் நடந்ததையும் அருகருகே எழுதுங்கள். வேறுபாடு பெரிதாக இருந்தால் காரணத்தை ஒரு வரியில் குறியுங்கள்: மழை, சம்பளம் பிந்தியது, பாதை மூடியது, பக்கத்தில் புதுக் கடை. முடிந்த வாரத்தை அடித்துவிட்டு, கடைசியில் புதிதாக ஒரு வாரத்தைச் சேர்த்தால் தாள் எப்போதும் பதின்மூன்று வாரமாகவே இருக்கும். இந்த அரை மணித்தியாலத்தில் வீட்டில் இன்னொருவரும் உடனிருப்பது அவசியம். உரிமையாளர் நோயில் விழுந்தால் எந்தக் காசோலை எப்போது வங்கிக்குப் போகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சம்பள வாரத்தின் வரவு எதிர்பார்த்ததைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்து, அடுத்த மாதச் சம்பள வாரத்திலும் அப்படியே நடந்தால், மூன்றாவது மாதத்துக்காகக் காத்திருக்காமல் இரண்டாவது தாளை நடைமுறைக்குக் கொண்டு வாருங்கள்: அந்த வாரமே தொலைவு ஓட்டத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்குங்கள், லீசிங் நிறுவனத்துக்குக் கடிதம் கொடுங்கள், கடன் கொப்பியின் எல்லைகளைத் திருத்தி வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள்.